நினைத்தது வேறு, விசாரித்தது வேறு: நம்மை நாமும் பிறரும் பார்ப்பதை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

நான் பணி ஓய்வு பெற்ற நாள் மாலை. மாலையும் பொன்னாடையும் மேசைமேல் கிடந்தன. எல்லோரும் விடைபெற்றுப் போன பிறகு, பதினேழு ஆண்டுகள் பக்கத்து மேசையில் இருந்த கணக்கு டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டீச்சர்க்கு ஞங்ஙளெ இஷ்டமில்லெந்நா ஞங்ஙள் விசாரிச்சது." உங்களுக்கு எங்களைப் பிடிக்காது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம் என்று பொருள்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவள் நான். வேலை கிடைத்ததோ மலையாளம் மட்டுமே ஒலிக்கும் ஒரு பள்ளியில். என் மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கும். நான் வாயைத் திறந்தால் முதுகுக்குப் பின்னால், தமிழரை இழித்துச் சொல்லும் 'பாண்டி' என்ற சொல்லைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட்டேன். மதிய வேளையில் அவர்கள் மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு, கறிகளைப் பகிர்ந்து உண்பார்கள். நான் தயிர்ச்சோற்று டப்பாவோடு நூலக அறைக்குப் போய்விடுவேன். என் கணக்கில் நான் ஒதுக்கப்பட்டவள். அவர்கள் கணக்கில் நான் அவர்களை ஒதுக்கியவள். இரண்டு கணக்கும் பதினேழு ஆண்டுகள் ஒரே அறையில் அக்கம் பக்கமாக இருந்தன.

அந்த மலையாள வாக்கியத்தில் ஒரு சொல் என்னை விடவே இல்லை. மலையாளத்தில் 'விசாரிப்பது' என்றால் நினைப்பது. தமிழில் விசாரிப்பது என்றால் கேட்டு அறிவது. அவர்களும் நானும் மலையாளப் பொருளில் விசாரித்துக்கொண்டே இருந்தோம். தமிழ்ப் பொருளில் ஒருவரும் விசாரிக்கவில்லை. அந்த முதல் விசாரிப்பிலிருந்து இரண்டாவது விசாரிப்புக்கு எப்படிப் போவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஓய்வுக்குப் பிறகு நானே செய்து பார்த்தேன். என் தங்கையும், தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணும், கோவையில் வேலை பார்க்கும் அவள் மகனும் செய்து பார்த்தார்கள். எங்களுக்கு இரண்டு மூன்று வாரங்கள் பிடித்தன. தேவையானவை ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, பதில் கேட்கும்போது வாயை மூடிக்கொள்ளும் திடம்.

முதல் படி: எந்த 'நான்' என்று முடிவு செய்யுங்கள்

"நான் எப்படிப்பட்டவள்?" என்ற கேள்விக்கு முழுசாக ஒரு விடை கிடையாது. எல்லையில் வாழ்பவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். நான் வாழ்க்கைப்பட்டது பொள்ளாச்சிப் பக்கம். மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி மேற்கே வந்தால் நான் தமிழச்சி; அதே பஸ்ஸில் கிழக்கே திரும்பிப் போனால் மாமியார் வீட்டில் "மலையாளத்துப் பெண், எதிலும் தேங்காயை அள்ளிப் போடுவாள்". பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எங்கள் ஊர் இருக்கும் சிற்றூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்துப் பாலக்காடு மதராஸ் மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளம் ஆயின. எங்கள் பாட்டி இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகராமலேயே மாநிலம் மாறியவர். மண்ணுக்கே பெயர் மாறும்போது, அதன் மேல் நிற்கும் மனிதருக்குப் பார்ப்பவரைப் பொறுத்துப் பெயர் மாறுவதில் வியப்பில்லை.

ஆகவே ஒரே ஒரு களத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வேலை செய்யும் இடம், அல்லது பிறந்த வீடு, அல்லது புகுந்த வீடு, அல்லது தெரு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் கிடைக்கும் பதில்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்; எதை நம்புவது என்று தெரியாது.

இரண்டாம் படி: முதல் பத்தியை நிரப்புங்கள்

நோட்டில் பக்கத்தை மேலிருந்து கீழாக இரண்டு கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தி, நான் என்னைப் பார்ப்பது. இரண்டாவது, மற்றவர்கள் என்னை இப்படிப் பார்க்கிறார்கள் என்று நான் நினைப்பது. மூன்றாவது, அவர்கள் உண்மையில் சொன்னது. இந்த வகை ஒப்பீடுகளில் பெரும்பாலும் இரண்டு பத்திகள்தாம் இருக்கும். நடுப்பத்தி இல்லாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். காரணம் அடுத்த படியில் வருகிறது.

முதல் பத்தியில் "நல்லவள், பொறுமைசாலி, நேர்மையானவள்" என்று எழுதினால் பயன் இல்லை. 1989இல் டன்னிங், மேயரோவிட்ஸ், ஹோல்ஸ்பெர்க் என்ற உளவியலாளர்கள் மூவர் ஒன்றைக் காட்டினார்கள். மனிதர்கள் தங்களைச் சராசரிக்கு மேல் வைத்துப் பார்ப்பது, பொருள் மங்கலான சொற்களில்தான் அதிகம். சொல் துல்லியமாக ஆக ஆக அந்த மிகை குறைகிறது. 'பொறுமை' என்ற சொல்லுக்கு நமக்குச் சாதகமான பொருளை நாமே வைத்துக்கொள்கிறோம். 'ஒருவர் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பது' என்று எழுதினால் அப்படி வளைக்க முடிவதில்லை.

தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, வசதியும் இருக்கிறது. ஒரே நடத்தைக்கு நம்மிடம் இரண்டு பெயர்கள் உண்டு. செய்பவர் ஒன்றைச் சொல்வார், பார்ப்பவர் மற்றொன்றைச் சொல்வார். நான் சிக்கனம் என்பதை மருமகள் கஞ்சத்தனம் என்பாள். என் உறுதி தம்பிக்குப் பிடிவாதம். என் வெளிப்படைப் பேச்சு பக்கத்து வீட்டுக்கு வெடுக்கென்ற பேச்சு. என் அக்கறை மகளுக்குத் தலையீடு. தன்மானத்துக்குத் திமிர், நிதானத்துக்கு மந்தம், கலகலப்புக்கு வாயாடித்தனம். எனக்குக் கிடைத்தது 'அமைதி'க்குப் பதிலாக 'அழுத்தம்'. அழுத்தமான ஆள் என்றால் மனத்தில் இருப்பதை வெளியே விடாதவர் என்று நம் ஊரில் பொருள். நான் அமைதி என்று நினைத்து வளர்த்துக்கொண்டதை மற்றவர்கள் அழுத்தம் என்று பார்த்திருக்கிறார்கள்.

எனவே முதல் பத்தியில் எட்டு வரிகள் எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்று துண்டுகள்: நீங்கள் செய்யும் ஒரு செயல், அதற்கு நீங்கள் வைத்த பெயர், அதற்கே இருக்கக்கூடிய மறுபெயர். எடுத்துக்காட்டாக, "மதியம் தனியாகச் சாப்பிடுகிறேன், அமைதி, அழுத்தம்." மறுபெயரை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும். தயங்கினாலும் எழுதுங்கள். எந்த வரியில் மறுபெயரே தோன்றவில்லையோ, அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு அது உதவும்.

மூன்றாம் படி: நடுப்பத்தி, யாரையும் கேட்பதற்கு முன்

இது முக்கியமான படி. பலர் தவிர்க்க விரும்பும் படியும் இதுதான்.

சார்லஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1902இல் ஒன்றைச் சொன்னார். நாம் மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம். அதைக் கண்டு அவர் என்ன தீர்ப்பு சொல்வார் என்றும் கற்பனை செய்கிறோம். அந்தக் கற்பனைத் தீர்ப்புக்குப் பெருமையோ வெட்கமோ படுகிறோம். இந்த மூன்றில் எந்த இடத்திலும் மற்றவர் வாயைத் திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் வெட்கம் முழுவதும் நாமே எழுதி நாமே நடித்த நாடகமாக இருக்க வாய்ப்பு உண்டு. பதினேழு ஆண்டு நூலக மதியங்கள் எனக்கு அப்படித்தான் கழிந்தன.

இந்தக் கற்பனை எந்தப் பக்கம் தவறும் என்பதற்கும் சோதனைகள் உண்டு. 2000இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும், கூச்சம் தரும் படம் போட்ட பனியன் ஒன்றை மாணவர் ஒருவருக்கு அணிவித்து, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் படத்தில் இருப்பது யார் என்று சொல்ல முடிந்தவர்கள் நான்கில் ஒரு பங்கினரே. 2018இல் எரிகா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. புதிதாகச் சந்தித்துப் பேசிப் பிரிந்தவர்கள், எதிரில் இருந்தவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களிடம் அந்தக் குறை மதிப்பீடு பல மாதங்கள் நீடித்தது. அதைப் படித்தபோது, விடுதி மாணவர்கள் பாக்கியசாலிகள் என்று நினைத்தேன். அவர்களுக்கு மாதங்கள், எனக்கு ஆண்டுகள்.

எழுதும் முறை இது. நீங்கள் கேட்கப்போகும் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். 'எல்லோரும் என்னைப் பற்றி' என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். ஆள் மாறினாலும் நம் ஊகம் மாறாமல் இருப்பதே நாம் அவர்களைப் பார்க்கவில்லை என்பதற்கு அடையாளம். எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தை மடித்து ஊசியால் குத்தி வையுங்கள். பதில்கள் வந்த பிறகு "இதைத்தானே நானும் நினைத்தேன்" என்று மனம் சத்தியம் செய்யும். மடித்த காகிதம் அதை ஒத்துக்கொள்ளாது.

நான்காம் படி: யாரைக் கேட்பது

ஐந்து பேர் போதும். பத்துப் பேரைக் கேட்டால் பஞ்சாயத்து ஆகிவிடும்.

யார் எதைச் சரியாகப் பார்க்கிறார்கள் என்பதில் ஒரு பாகுபாடு உண்டு. 2010இல் சிமின் வசீர் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு அதைத் தெளிவாக்கியது. பதற்றம், கவலை, தன்னம்பிக்கைக் குறைவு போன்று உள்ளே நடப்பவற்றில் நம் கணிப்பே மேல். அறிவுக்கூர்மை, படைப்புத்திறன் போன்று 'நல்லது, கெட்டது' என்ற மதிப்பு ஏறியவற்றில் நண்பர்களின் கணிப்பு மேல். அங்கே நம் ஆசை குறுக்கே வந்து நிற்கிறது. கலகலப்பாகப் பேசுவது போன்று வெளியே தெரிபவற்றில் எல்லோர் கணிப்பும் ஓரளவு ஒத்துப்போகிறது. ஆகவே "நான் உள்ளூரப் பயப்படுகிறவளா?" என்று மற்றவரைக் கேட்பது வீண். அதை நீங்கள்தாம் அறிவீர்கள். "நான் விளக்கினால் புரிகிறதா? நான் நியாயமாக வேலையைப் பிரித்துக் கொடுக்கிறேனா?" என்பவற்றைக் கேளுங்கள்.

ஐவரில் ஒருவர் நெருங்கியவராக இருக்கட்டும். ஒருவர் உங்களோடு வேலை செய்பவர், ஆனால் வீட்டுக்கு வராதவர். ஒருவர் உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். ஒருவர் உங்களை ஒரு காலத்தில் நன்றாக அறிந்திருந்து இப்போது தொடர்பில் இல்லாதவர். இவருக்கு உங்களிடம் இனி ஆக வேண்டியது ஒன்றுமில்லை, அதனால் அவர் சொல்லுக்கு எடை அதிகம். ஐந்தாமவர் வேறு தாய்மொழிக்காரர். எங்கள் பகுதியில் இவரைத் தேட வேண்டியதே இல்லை. ஆந்திர எல்லையில் புத்தூர், நகரி, குப்பம் பக்கத்துத் தமிழர்களுக்குத் தெலுங்கு பேசும் அக்கா ஒருவர் நிச்சயம் இருப்பார். வேறு மொழிக்காரரின் காதில் நம் சொற்கள் விழும் விதம் நாம் எண்ணியதாக இராது. "ஒரு அவசரம் தரணும்" என்று மலையாளி கேட்டால் அவர் வாய்ப்புக் கேட்கிறார். தமிழ்க் காதுக்கு அவர் அவசரப்படுத்துவதாகத் தோன்றும். நம் குரலின் ஏற்ற இறக்கமும் அப்படித்தான் அவர்களுக்கு. கொங்குப் பக்கத்து மரியாதைப் பேச்சு இழுவையாக இருக்கும்; அதைச் சிலர் நக்கல் என்று எடுத்துக்கொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கையில் சம்பளமோ மதிப்பெண்ணோ இருக்கும் ஆளை நேரில் கேட்காதீர்கள். அவருக்கு அது சோதனை. கேட்டே ஆக வேண்டும் என்றால் பெயர் எழுதாமல் தாளில் எழுதிப் போடச் சொல்லுங்கள். கையெழுத்து தெரியாமல் இருக்க யாராவது ஒருவர் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும்.

ஐந்தாம் படி: எப்படிக் கேட்பது

"நான் எப்படிப்பட்டவள் என்று சொல்லுங்கள்" என்று ஒருவரை உட்கார வைத்துக் கேட்டால், "உங்களுக்கென்ன அக்கா, தங்கமானவர்" என்பார். நம் பண்பாட்டில் முகத்துக்கு நேரே குறை சொல்வது பாவம். மூத்தவரிடம் சொல்வது அதைவிடப் பாவம். அந்த மரியாதையை உடைக்கச் சொல்லிக் கேட்பது அநியாயம். மரியாதை குறையாமலேயே உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு வழி அமைத்துக் கொடுக்க வேண்டும். அந்த வழி கேள்வியில்தான் இருக்கிறது.

ஆளைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேளுங்கள். நான் பயன்படுத்தியவை நான்கு கேள்விகள்:

"நான் செய்தவற்றில் உங்களுக்கு உதவியாக இருந்த ஒன்று ஞாபகம் இருக்கிறதா?"

"நான் ஒன்று சொன்னபோதோ செய்தபோதோ, 'இவர் ஏன் இப்படி?' என்று தோன்றிய நேரம் உண்டா? எப்போது?"

"என்னைத் தெரியாத ஒருவர் என்னோடு வேலை செய்ய வந்தால், எதில் பார்த்து நடந்துகொள்ளச் சொல்வீர்கள்?"

"நான் எதைக் கொஞ்சம் குறைத்தால் உங்களுக்கு எளிதாக இருக்கும்?"

மூன்றாவது கேள்வியில்தான் உண்மை அதிகம் வருகிறது. அங்கே அவர் உங்களிடம் குறை சொல்லவில்லை. ஒரு புதியவருக்கு உதவுகிறார். தையல்காரப் பெண்ணிடம் அவள் உதவியாள் சொன்ன பதில்: "அக்காவிடம் காலையில் எதையும் கேட்காதே, பத்து மணிக்கு மேல் கேள்." எட்டு வார்த்தைக்குள் அடங்கும் அந்தப் பதிலில், அவள் ஆண்டுக்கணக்காக அறியாமல் இருந்த தன் காலைச் சிடுசிடுப்பு முழுவதும் இருந்தது.

எதிரெதிரே உட்கார்ந்து கேட்க வேண்டாம். அவரைக்காய் உரித்துக்கொண்டோ, துணி மடித்துக்கொண்டோ, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தோ கேளுங்கள். கை வேலையாக இருந்தால் வாய் இளகும். கேள்வியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்; யோசிக்க அவருக்கு ஓர் இரவு வேண்டும்.

பதில் வரும்போது நீங்கள் செய்யக்கூடியவை மூன்றுதான். அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்வது, புரியாவிட்டால் "எப்போது நடந்தது?" என்று மட்டும் கேட்பது, நன்றி சொல்வது. காரணம் சொல்லாதீர்கள். "அன்றைக்கு எனக்குத் தலைவலி" என்று நீங்கள் ஆரம்பித்த நொடியில் அவர் வாயைச் சாத்திக்கொள்வார். கணக்கு டீச்சரிடம் நான் இந்தத் தவற்றைச் செய்தேன். அவர் சொன்னதும் கண்ணீரோடு என் பக்கத்து நியாயத்தை அரை மணி நேரம் சொன்னேன். அவர் என்னைத் தேற்றத் தொடங்கிவிட்டார். அவர் மனத்தில் இன்னும் என்ன இருந்தது என்பதை அறிய எனக்கு மேலும் ஓர் ஆண்டு ஆயிற்று.

நிகழ்ச்சியைக் கேளுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1996இல் குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவர், பிறர் கருத்தைக் கேட்டவர்களின் வேலை என்ன ஆயிற்று என்று ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக வேலை மேம்பட்டது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நேர்வுகளில் கெட்டது. கவனம் செய்யும் வேலையிலிருந்து விலகி 'நான் யார், என் மதிப்பு என்ன' என்பதன் மேல் போய் விழும்போது கெடுகிறது என்பது அவர்கள் விளக்கம். "நீ சோம்பேறி" என்பதும் "நீ கெட்டிக்காரி" என்பதும் இந்த வகையில் ஒரே தீங்கைச் செய்யக்கூடியவை.

ஆறாம் படி: சாட்சிக்கு ஒரு பதிவு

இது சின்னப் படி. இராச்சாப்பாட்டு நேரத்தில், வீட்டாரிடம் சொல்லிவிட்டு, கைப்பேசியில் பத்து நிமிடம் குரலைப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள். முதலில் "இது என் குரலே இல்லை" என்று தோன்றும். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்குள் போகிறது. எலும்பு கனத்த ஒலியைக் கூட்டிக் கொடுக்கிறது. பதிவில் காற்று வழி வந்தது மட்டும் இருக்கிறது. மற்றவர்கள் வாழ்நாளெல்லாம் கேட்டது அந்த மெல்லிய குரலைத்தான். எத்தனை தடவை குறுக்கே பேசினீர்கள் என்று எண்ணுங்கள், போதும்.

முகத்துக்கும் இதே கதை. ஆறன்முளைக் கண்ணாடி பார்த்திருப்பீர்கள். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்துத் தேய்த்த உலோகக் கண்ணாடி அது. சாதாரணக் கண்ணாடியில் விரலை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி தெரியும். பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் பூசிய பூச்சிலிருந்து வருகிறது. ஆறன்முளையில் மேற்பரப்பே பிம்பம் காட்டுவதால் இடைவெளி இல்லை. அவ்வளவு துல்லியமான கண்ணாடியும் இடத்தை வலமாகத்தான் காட்டும். 1977இல் மிட்டா, டெர்மர், நைட் என்ற ஆய்வாளர்கள் மூவர் பெண்களின் நிழற்படங்களை நேராகவும் இடவலம் மாற்றியும் அச்சிட்டுக் காட்டினார்கள். பெண்கள் கண்ணாடியில் தெரியும் மாற்றிய படத்தை அதிகம் விரும்பினார்கள். அவர்கள் தோழிகள் நேரான படத்தை. இரு தரப்பும் தமக்குப் பழகியதைத்தான் அழகு என்றன.

ஏழாம் படி: மூன்று பத்திகளையும் விரித்து வையுங்கள்

இப்போது மடித்த பக்கத்தைப் பிரிக்கலாம்.

1955இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற உளவியலாளர்கள் இருவர் நான்கு கட்டங்கள் கொண்ட சன்னல் ஒன்றை வரைந்தார்கள். தங்கள் பெயர்களைச் சேர்த்து ஜோஹாரி என்று பெயர் வைத்தார்கள். எனக்கும் தெரியும் பிறருக்கும் தெரியும் என்பது ஒரு கட்டம். பிறருக்குத் தெரியும் எனக்குத் தெரியாது என்பது ஒன்று. எனக்கு மட்டும் தெரிவது ஒன்று. இருவருக்கும் தெரியாதது ஒன்று. நல்ல படம். ஆனால் 'பிறருக்குத் தெரியும் என்று நான் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது' என்பதற்கு அதில் இடமே இல்லை. எங்களைப் போன்றவர்கள் வாழ்நாளைத் தொலைப்பது அந்த விடுபட்ட கட்டத்தில்தான்.

முதலில் நடுப்பத்தியையும் மூன்றாம் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் பயந்தது, ஆனால் ஒருவரும் சொல்லாதது எதுவோ அதைப் பேனாவால் அடியுங்கள். என் நடுப்பத்தியில் ஐவருக்கும் நேராக 'என் மலையாளம்' என்று எழுதியிருந்தேன். ஐவரில் ஒருவர் வாயிலும் அது வரவில்லை. கணக்கு டீச்சர், "டீச்சர் வகுப்பில் மலையாளத்தை நிறுத்தி நிறுத்திப் பேசுவார், பிள்ளைகளுக்குக் குறிப்பெடுக்க எளிது" என்றே சொல்லியிருந்தார். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து முதல் பத்தியும் மூன்றாவதும். இங்கே ஒத்துப்போகாத இடங்களில் சண்டைக்குப் போவதற்கு முன், ஒரே செயலுக்கு இரண்டு பெயர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அப்போது யார் சொன்ன பெயர் சரி என்பதை விட்டுவிட்டு, அந்தச் செயல் மற்றவருக்கு என்ன செய்தது என்பதைப் பாருங்கள். நான் தனியாகச் சாப்பிட்டது அமைதியா அழுத்தமா என்று இன்றுவரை எனக்குத் தீர்ப்புக் கிடையாது. புதிதாக வேலைக்கு வந்த இளம் டீச்சர் ஒருத்தி, முதல் மாதம் முழுவதும் தான் ஏதோ தவறு செய்துவிட்டதால்தான் நான் எழுந்து போகிறேன் என்று பயந்திருக்கிறாள். அது நடந்தது.

ஒருவர் மட்டும் சொன்னதைக் குறித்து வைத்துவிட்டு நகருங்கள். ஒருவரோடொருவர் பழக்கமில்லாத மூவர் ஒன்றையே சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள், எவ்வளவு கசந்தாலும். மறுபெயர் தோன்றாமல் புள்ளி வைத்த வரிகளை இப்போது பாருங்கள். எனக்கும் என் தங்கைக்கும் பெரிய வேறுபாடு அந்த வரிகளில்தான் வந்தது.

எட்டாம் படி: எதைத் தள்ளுவது

மற்றவர் பார்வை எல்லாம் கண்ணாடி அல்ல. இதை உரத்துச் சொல்ல வேண்டும். எல்லைப் பகுதியில் நிறைய பேர் மற்றவர் பார்வையால் காயப்பட்டவர்கள். அவர்களைப் பார்த்து "நீயும் உன்னைத் திருத்திக்கொள்" என்று சொல்வது கொடுமை.

'பாண்டிக்காரர் அழுக்கு', 'மலையாளத்தார் தந்திரக்காரர்', 'கொல்டி' என்று தெலுங்கரை இழிப்பது, நிறம், சாதி, பெண் என்பதால் வரும் தீர்ப்புகள், இவை எவையும் உங்களைப் பற்றிய கருத்துகள் அல்ல. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: "எப்போது? என்ன நடந்தது?" என்று கேளுங்கள். உங்களைப் பார்த்துச் சொல்பவருக்கு ஒரு நாள், ஓர் இடம், ஒரு வார்த்தை ஞாபகம் இருக்கும். உங்கள் கூட்டத்தைப் பார்த்துச் சொல்பவருக்கு ஒன்றும் இருக்காது. "பொதுவாக அப்படித்தானே" என்பார். அந்த வரியை மூன்றாம் பத்தியில் எழுதவே வேண்டாம்.

இன்னொன்று. வீட்டில் இழவு விழுந்த காலத்திலோ, திருமணம் முறிந்த காலத்திலோ, இரவு தூக்கம் கெட்டு மனம் சோர்ந்திருக்கும் காலத்திலோ இதைத் தொடங்காதீர்கள். அப்போது எல்லாப் பதிலும் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும்.

ஒன்பதாம் படி: ஒன்றை மாற்றுங்கள், சொன்னவரிடம் திரும்பிப் போங்கள்

எட்டு வரியையும் ஒரே மூச்சில் திருத்த முயன்றால் ஒரு வாரம் தாங்காது. ஒரே ஒரு செயல், ஒரு மாதம். தையல்காரப் பெண் உதவியாளிடம், "காலையில் வரும் அளவுகளைப் பலகையில் எழுதி வை, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். சிடுசிடுப்பைக் குறைக்கப்போகிறேன் என்று அவள் சபதம் எடுக்கவில்லை; சிடுசிடுக்கும் வேளையைக் கேள்வி இல்லாத வேளையாக்கினாள். கோவையில் வேலை பார்க்கும் அவள் மகன், அலுவலகக் கூட்டத்தில் மற்றவர் முடித்த பிறகு மூன்று எண்ணிவிட்டுப் பேசுகிறான்.

மாதம் முடிந்ததும் சொன்னவரிடம் போய், "நீங்கள் சொன்னதை இப்படிச் செய்து பார்த்தேன், ஏதாவது தெரிந்ததா?" என்று கேளுங்கள். இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சொன்னவருக்குத் தன் சொல் எங்கே போய் விழுந்தது என்று தெரியாமல் இருந்தால், அடுத்த முறை அவர் "தங்கமானவர்" என்று மட்டுமே சொல்வார்.

எனக்குத்தான் பள்ளி இல்லை, மதிய மேசை இல்லை. ஆகையால் ஓய்வு பெற்று ஓர் ஆண்டு கழித்து ஒரு மதியம், தூக்குச் சட்டியில் அரைத்துவிட்ட சாம்பாரும் கத்தரிக்காய்ப் பொரியலும் எடுத்துக்கொண்டு கணக்கு டீச்சர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அவர் வாழை இலை நறுக்கி, காளன் என்ற தயிர்க்கறியும் பப்படமும் வைத்தார். சாப்பிட்ட பிறகு நோட்டை எடுத்துக் காட்டினேன். மூன்று பத்திகளையும் மெல்லப் படித்தார். தமிழ் எழுத்து தெரியாத இடங்களில் நான் வாசித்துச் சொன்னேன். பக்கத்தின் கடைசிக்கு வந்ததும் அவர் எழுந்து உள்ளே போய், பேரனின் பழைய கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். வெற்றுப் பக்கத்தில் அடிக்கோலால் இரண்டு கோடுகள் போட்டார். நடுப்பத்தியில் என் பெயரைப் போட்டு, எனக்குத் தெரியாமல் கையால் மறைத்து எதையோ எழுதி மடித்தார். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளி, "இனி டீச்சர் சொல்லுங்கள்" என்றார்.